மிச்சம் பிடிக்கும் உத்தியோகம்

புதிய மின்சார நிலையம் ஒன்று திறக்கப்படுமானால் மந்திரி வருகிறார், மேளம் கொட்டுகிறது, கல்வெட்டு நாட்டப்படுகிறது. அந்நிலையம் ஓராண்டில் தரக்கூடிய மின்சாரம் அவ்வளவையும் ஒரு நகரம் ஓசைப்படாமல் மிச்சம் பிடித்துவிட்டால், அங்கே நாடா வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. அப்படி வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத உத்தியோகத்தைத்தான் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நகரங்களின் மின்செலவைக் குறைப்பதும், அவை வானத்தில் கலக்கும் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கெடுப்பதும் என் தொழில். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு லைட்டை அணைக்கிற வேலையாம்" என்று உள்ளறையில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. அது முழுவதும் பொய்யுமன்று.

இச்சங்கத்தில் ஒரு காலத்தில் நானும் உறுப்பினனாயிருந்தவன். இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்கள் சிலர் அண்மையில் என்னிடம், "இத்துறைக்கு வரலாமா?" என்று கேட்டார்கள். வரலாம், வரவேண்டும் என்பதே என் விடை. ஆனால் இத்துறை இன்று நம் நகரங்களில் நடத்தப்படும் முறை சரியில்லை. வருகிறவர்கள் அதை மாற்றுவதற்காகவும் வரவேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் இருக்கும் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்திலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ தொண்ணூறு மைல் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அச்சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் வடஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன நம்மவர்கள். 1905இல் அதே மின்சாரம் இந்நகரின் தெருவிளக்குகளையும் ஏற்றியது. ஆக, இவ்வூருக்கு முதன்முதல் வெளிச்சம் கொடுத்தது காவிரி. இன்று நிலைமை தலைகீழ். அதே காவிரியின் நீரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டங்களாகப் பம்பு வைத்து ஏற்றி இவ்வூர் குடிக்கிறது. அன்று விழுந்து மின்சாரம் தந்த ஆறு, இன்று ஏறுவதற்கு மின்சாரம் கேட்கிறது.

எவ்வளவு கேட்கிறது? இக்கணக்கு பள்ளிக்கூடத்துப் பௌதிகந்தான். ஆயிரம் லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 2.7 வாட்-மணி சக்தி வேண்டும். 500 மீட்டர் உயர்த்த 1.36 யூனிட். இது இயற்கையின் கூலி. இதில் பேரம் கிடையாது. குழாயின் உராய்வு, பம்பின் நஷ்டம், மோட்டாரின் நஷ்டம் எல்லாம் இதன்மேல் வரும். 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். இயற்கைக் கூலி மட்டுமே நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூனிட்டைத் தாண்டுகிறது. முந்தைய நான்கு கட்டங்களின் 145 கோடி லிட்டருக்கும் கணக்குப் போட்டால் இன்னும் இருபது லட்சம் யூனிட். நாளுக்கு 500 லிட்டர் செலவிடும் ஒரு குடும்பம், வீட்டில் சுவிட்சையே தொடாமல், குழாயைத் திறந்த மாத்திரத்திலேயே ஒரு யூனிட்டுக்கு நெருக்கமாகச் செலவழித்துவிடுகிறது. இப்போது விற்பனையாகும் 30 வாட் விசிறி ஒன்றை அந்த ஒரு யூனிட்டில் முப்பத்து மூன்று மணி நேரம் ஓட்டலாம்.

இவ்வளவு கூலி கொடுத்து மேலே ஏற்றிய நீரில் ஒரு பங்கு நகரத்துக் குழாய்களில் ஒழுகி மண்ணுக்குள் போய்விடுகிறது. கணக்கில் வராமற் போகும் நீர் ஒரு சமயம் நூற்றுக்கு நாற்பதையும் தாண்டியிருந்தது; பல ஆண்டு உழைப்பால் அது குறைந்திருக்கிறது. குழாய் ஒழுகலை அடைக்கும் தொழிலாளியை யாரும் மின்சாரத் துறையைச் சேர்ந்தவராகக் கருதுவதில்லை. என் கணக்கேட்டில் அவர் பெயர் முதல் வரிசையில் வரும். காவிரி நீர் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு எனது பொருளன்று. ஆனால் ஒழுகிப்போகும் நீரைப்பற்றி இரண்டு மாநிலத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து வருத்தப்படலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சிக்கனம் என்றாலே பலர் கஞ்சத்தனத்தை நினைக்கிறார்கள். விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்காரச் சொல்லும் உபதேசமாக இதை எண்ணுகிறார்கள். நான் அப்படிப்பட்ட உபதேசியல்லன். அதே காற்று, அதே வெளிச்சம், அதே நீர், அதே குளிர்ச்சி. அதற்குச் செலவாகும் சக்தி மட்டும் குறைவு. எழுபத்தைந்து வாட் விசிறியின் வேலையை முப்பது வாட் விசிறி செய்கிறது. விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டபின் கடைக்காரரும் இதைப் பேசத் தொடங்கிவிட்டார். எல்.ஈ.டி. பல்பின் கதை இன்னும் நல்லது. சர்க்கார் நிறுவனம் ஒன்று மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கிய 2014இல் ஒரு பல்பின் விலை 310 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குள் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2015இல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாங்கும் முறையை மாற்றினார்கள், அவ்வளவே. பொறியியல் என்பது வரைபலகையோடு முடிவதில்லை, கொள்முதல் காகிதத்திலும் இருக்கிறது என்பதை நம் கல்லூரிகள் சொல்லித் தருவதில்லை.

இத்தொழிலில் பெரியவர்கள் யார் என்று கேட்டால் இருவரைச் சொல்வேன். ஒருவர் அமெரிக்கர், ஆர்தர் ரோசன்ஃபெல்டு. என்ரிகோ ஃபெர்மியிடம் பயின்ற அணுத்துகள் விஞ்ஞானி. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஓர் இரவு, தம் ஆய்வுக்கூடத்தில் ஆளில்லாத அறைகளில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அணைக்கப் புறப்பட்டார். சுவிட்சுகள் புத்தக அலமாரிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தனவாம். அணைத்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்றாம். அணுத்துகளை விட்டுவிட்டு எஞ்சிய வாழ்நாளை இதற்கே கொடுத்தார். அவரும் அவர் போன்றாரும் வற்புறுத்திக் கொண்டுவந்த தரவிதிகளின் பயனாக, எழுபதுகளின் நடுவில் ஆண்டுக்கு 1,800 யூனிட் தின்ற அமெரிக்கக் குளிர்பதனப் பெட்டி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 500 யூனிட்டுக்கு இறங்கியது. பெட்டியின் அளவு பெருத்தது, விலையோ குறைந்தது.

மற்றவர் நம் பெங்களூர்க்காரர், அமுல்ய ரெட்டி. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்வேதியியல் பேராசிரியர். அத்துறையில் உலகமெங்கும் படிக்கப்பட்ட பாடநூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1974இல் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தின்பால் திரும்பினார். பின்னர், கர்நாடகத்துக்கு எத்தனை மின்நிலையம் வேண்டும் என்று உத்தியோகபூர்வமான குழு ஒன்று பெரிய பட்டியல் போட்டபோது, ரெட்டி கேள்வியையே மாற்றினார். 'மக்களுக்கு வேண்டியது எத்தனை யூனிட்?' என்று கேட்பதை விட்டு, 'எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீர், எவ்வளவு சமையல்?' என்று கேட்டார். அவ்வழியில் கணக்கிட்டபோது, அக்குழு சொன்ன மின்சாரத்தில் பாதிக்கும் குறைவே போதும் என்று வந்தது. அக்கணக்கு அப்படியே நிறைவேறவில்லை என்பது வேறு கதை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கும் வழக்கம் அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது. 2006இல் மறைந்தார்.

இனி, என் மனக்குறைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு நகரத்தின் குடிநீர்ப் பம்பு நிலையத்தை ஆராய என்னை அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பம்பு 60 மீட்டர் உயரத்துக்கு நீரேற்றும் திறனுடையது. மேல்நிலைத் தொட்டிக்கு, உராய்வையும் சேர்த்து, வேண்டியது 48 மீட்டர்தான். பாதுகாப்புக்கென்று முன்னொருவர் கொஞ்சம் கூட்டிப் போட, அவருக்கு மேலிருந்தவர் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார். நம் நாட்டில் பம்புகள் பெருப்பது இப்படித்தான். பம்பின் வாயிலில் இருந்த வால்வு பாதி மூடிக் கிடந்தது. அங்கே பணியிலிருந்த பெரியவர் கோலார்ப் பக்கத்துத் தமிழர். "ஏன் ஐயா மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். "முழுசாத் திறந்தா மோட்டார் சூடேறி நின்னுபோகுது தம்பி. நான் வந்த நாளிலேருந்து பாதிதான். பதினெட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அவர் செய்தது முற்றிலும் சரி. அப்படிச் செய்யாவிட்டால் மோட்டார் எரிந்திருக்கும். ஆனால் அந்த வால்விலே 12 மீட்டர் அழுத்தம் வீணாகக் கரைந்துகொண்டிருந்தது. மணிக்கு ஐந்து லட்சம் லிட்டர், நாளுக்கு இருபது மணி நேரம். கணக்குப் பார்த்தேன்: ஏறத்தாழ 23 கிலோவாட், ஆண்டுக்கு 1,70,000 யூனிட், யூனிட் ஆறு ரூபாயென்றாலும் பத்து லட்சம் ரூபாய். பரிகாரம் மிக எளிது. பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரைக் கழற்றி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், விளிம்பைச் சற்றே கடைந்து சிறிதாக்கினால் போதும். பட்டறைக் கூலி, ஆள் கூலி, ஒரு நாள் நிறுத்தம்; செலவு ஒரு மாத மிச்சத்துக்குள் அடங்கிவிடும்.

அறிக்கை எழுதிக் கொடுத்தோம். அழகாகத் தைத்து, வர்ணப் படங்களோடு கொடுத்தோம். பணமும் வந்தது. இரண்டாண்டு கழித்து வேறு வேலையாக அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். வால்வு பாதி மூடியே இருந்தது.

காரணம் என்ன? யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. யாரும் பணம் தின்னவுமில்லை. மின்கட்டணம் கட்டுவது ஒரு காரியாலயம். பம்பை ஓட்டுவது மற்றொன்று. பத்து லட்சம் மிச்சமானால் அடுத்த ஆண்டு மானியத்தில் பத்து லட்சம் குறையும். பம்பு நிலையத்துக்கு ஒரு காசு வராது. பெரியவருக்கோ, இம்பெல்லரைக் கழற்றி ஏதாவது கெட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மிச்சமானால் பாராட்டுக் கடிதம் வராது. புதிய பம்பு வாங்க டெண்டர் போடச் சட்டத்தில் வழியுண்டு. பழைய பம்பைக் கடைவதற்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது? அதற்குத் தலைப்பே இல்லை. எங்கள் வேலை ஒப்பந்தமோ, அறிக்கை கொடுத்த அன்று முடிந்துவிட்டது. மறுபடியும் வந்து அளந்து பாருங்கள் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

சட்டம் இல்லாமலில்லை. சக்திச் சிக்கனச் சட்டம் 2001இலேயே வந்தது. அதை நடத்தும் மத்திய அமைப்பு 2002 மார்ச்சில் ஏற்பட்டது. கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்து, 2017இல் திருத்தப்பட்டது. 2022இல் சட்டத்தையே திருத்தி, கரிமப் புள்ளிகளை வாங்கி விற்கும் சந்தைக்கும் வழி செய்தார்கள். பெரிய ஆலைகள் சக்தி மேலாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்ற விதி உண்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஏனெனில் அந்த மேலாளர் அங்கேயே இருக்கிறார்; நாளைக்கும் இருப்பார். ஆலைக்குச் செய்ததை நகரத்துக்கும் செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. ஒவ்வொரு மாநகராட்சிக்கும், ஒவ்வொரு குடிநீர் வாரியத்துக்கும், சக்திப் பொறியாளர் என்ற நிரந்தரமான உத்தியோகம் ஒன்று வேண்டும். நகரத்தின் எல்லா மின்கட்டணச் சீட்டும் அவர் மேசைக்கு வரவேண்டும். மிச்சமாகும் தொகையில் பாதியையாவது மூன்றாண்டுகளுக்கு அவர் கையில் விட்டு, அடுத்த பழுதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தவிரவும், ஆயிரம் லிட்டர் நீருக்கு எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதை மாதந்தோறும் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பரீட்சை மதிப்பெண்ணை ஊரறியப் பலகையில் ஒட்டுகிறோமே, இதை ஒட்டினால் என்ன?

பசுங்குடில் வாயுக் கணக்கைப்பற்றியும் சொல்லவேண்டும். இப்போது எல்லோருக்கும் இதில்தான் ஆசை. அடிப்படை எளிது. நம் நாட்டு மின்வலையிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஒரு புகைபோக்கியில் வெளிவருகிறது. மேலே சொன்ன வால்வு ஒன்றே ஆண்டுக்கு 120 டன். ஆனால் மின்சாரத்தோடு கணக்கு நின்றுவிடுவதில்லை. குப்பை மேட்டிலிருந்து கிளம்பும் மீதேன், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றுவது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் வாயு இன்னும் கொடியது. இன்று பல வீடுகளில் உள்ள ஆர்-410ஏ என்ற வாயு ஏறத்தாழ 2,000 மடங்கு. மொட்டைமாடியில் மெக்கானிக் ஒருவர் பழுது பார்க்கும்போது ஒரு கிலோவை 'புஸ்' என்று காற்றில் விட்டுவிட்டால், அது இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 3,000 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்கு ஒப்பு. அவ்வீட்டார் இருபத்துநான்கு டிகிரியில் வைத்துப் பல மாதம் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று. அந்த மெக்கானிக்குக்கு வாயுவைத் திரும்பப் பிடிக்கும் சிறு யந்திரமும் இரண்டு நாள் பயிற்சியும் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு நகரத்தில் குறைவு. ஆனால் மாநாடுகளில் இதைப் பேசினால் முகம் சுளிக்கிறார்கள். மரக்கன்று நடும் படத்துக்குத்தான் மவுசு.

இங்கேதான் இளைஞர்களுக்கு எச்சரிக்கையும் வேண்டும். வாயுக் கணக்கு, நேர்மையில்லாதவன் கையில் எப்படியும் வளையும். எரியாத தெருவிளக்கை எரிந்ததாகக் காட்டி, பின் அதை மாற்றியதால் மிச்சம் என்று எழுதலாம். இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிவதாக வைத்துப் பெருக்கலாம். யார் போய்ப் பார்த்தார்கள்? என் மேசைக்கு வந்த கணக்குகளில் இத்தகையன உண்டு. மீட்டர் வைத்து அளந்ததா, மேசையில் வைத்துப் பெருக்கியதா என்பதே நான் கேட்கும் முதற்கேள்வி. கரிமப் புள்ளி காசாகும் காலத்தில் இக்கேள்விக்கு விரோதிகள் பெருகுவார்கள்.

"மிச்சம் பிடித்து என்ன பயன்? மலிவானால் ஜனங்கள் இன்னும் அதிகமாகத்தானே செலவழிப்பார்கள்?" என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். இதை 1865இலேயே ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரியைப்பற்றிக் கேட்டுவிட்டார். நீராவி யந்திரம் திறமையாக ஆக ஆக நிலக்கரிச் செலவு ஏறியது என்றார், உண்மைதான். ஆனால் நம் நாட்டில் அந்த 'அதிகச் செலவு' எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் எரிந்த வீட்டில் இரண்டாவது விளக்கு எரிகிறது. பாட்டியின் கட்டிலுக்கு மேல் ஒரு விசிறி சுழல்கிறது. அதை நான் நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன். பளிங்கு மாளிகையில் நடைக்கூடத்தையும் குளிரூட்டுவது வேறு; அதற்குக் கட்டண விகிதமும் கட்டட விதியும் இருக்கின்றன. ஜெவான்ஸைக் காட்டிக் கைகட்டி உட்கார்ந்திருப்பவர்களில் விசிறியில்லாதவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சம்பளத்தைப்பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன என் வகுப்புத் தோழர்கள் என்னைவிட இரண்டு மூன்று பங்கு வாங்குகிறார்கள். பட்டணம் பட்டணமாக அலைய வேண்டும்; பம்பு அறையின் இரைச்சலில் காது சிறிது மந்தமாகும்; கோடையில் கொதிகலன் பக்கத்தில் நிற்கவேண்டும். ஒரு மின்னளவியும் நீரோட்ட அளவியும் பையில் போட்டுக்கொண்டு போனால், ஒரு நகரத்தின் எலும்பும் நரம்பும் எங்கே ஓடுகின்றன என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்; மேயருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

வர விரும்புவோருக்கு வழி இது. மத்திய அமைப்பின் சார்பில் தேசியத் தேர்வு நடைபெறுகிறது. சக்தி மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்கு. இயந்திரம், மின்சாரம், கட்டடம் எதைப் படித்தவரும் எழுதலாம். அனுபவ ஆண்டுகள் கேட்பார்கள், அதற்குள் ஓர் ஆலையிலோ தணிக்கை நிறுவனத்திலோ சேர்ந்துகொள்ளலாம். உள்ளூர் மொழி பேசப் பழகிக்கொள்ளுங்கள். பம்பு நிலையத்து ரகசியம் எந்த ஊரிலும் ஆங்கிலத்தில் வெளிவராது. நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்டு முடித்தபின், "உங்களுக்கு ஏதேனும் கேட்கவேண்டுமா?" என்பார்கள். "அறிக்கை கொடுத்து ஓராண்டு கழித்து, அதே இடத்துக்குப் போய் அளந்து பார்க்க என்னை அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அனுப்புவோம் என்று சொல்லும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. சம்பளம் நூறு இருநூறு குறைந்தாலும் அங்கே சேருங்கள்.